நட்புக்கு ஓர் இடம்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரையோரத்தே பழவேற்காடு அமைந்துள்ளது. கடலுக்கும் இதற்கும் இடையே ஸ்ரீஅரிக்கோட்டைத் தீவு நீண்டு கிடக்கின்றது. தீவின் மேற்புறத்தே விரிந்து கிடக்கும் உவர்நீர்ப் பரப்பே பழவேற்காட்டு ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலுள்ள பெரிய காயல் இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும், தெற்குப் பகுதி தமிழ்நாட்டிலும் அடங்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல்நீரும் உட்புக, இரண்டும் கலந்த நீரில் இறாலும் நண்டும் மடவையும் பெருகும். பனிக்காலத்தில் பூநாரைகள் திரள் திரளாக வந்து இறங்கும். ஒல்லாந்தர் 1613 ஆம் ஆண்டில் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். கோட்டை அழிந்தது, அவர்தம் கல்லறைகள் எஞ்சி நிற்கின்றன.

கோட்டையினும் கல்லறையினும் வியக்கத்தக்க ஒன்று இவ்வூர் மீனவரிடையே உண்டு. அதற்குப் பாடு என்பது பெயர். ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவ்விடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டப் புகுந்தால் பூசல் விளையும், வலியவன் வெல்வான், எளியவன் வெறுங்கையோடு மீள்வான். ஆதலின், கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் முன்னோர் அவ்விடங்களைப் பாடுகளாகப் பகுத்து, முறைவைத்து மீன்பிடிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினர். உரிமைக் குடியினர் சீட்டுக் குலுக்கி, எவர்க்கு எந்த இடம், எந்த முறை என முடிவு செய்வர். நாவன்மை மிக்கவனுக்கும் ஒரு சீட்டுத்தான். வாய் திறவாதவனுக்கும் ஒரு சீட்டுத்தான். முறை வந்த நாளில் அவனவன் தன் பாட்டுக்குச் செல்வான். அதற்காக அவன் எவரிடமும் நயந்து பேச வேண்டுவதில்லை.

பாட்டு முறை குறையற்றது என்று கொள்ளுதல் ஆகாது. உரிமைக் குடிகளின் ஆடவர்க்கே அது பங்களித்தது. ஏரியையே நம்பி வாழ்கின்ற ஏனைய ஊரார்க்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கும் அதில் இடமில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்து, மீன்வளமும் குறைந்த பிறகு முறையின் கட்டும் தளர்ந்துள்ளது. எனினும், பேச்சுத் திறத்தால் அன்றி முறைமையால் ஒருவனுக்கு இடம் கிடைத்தல் என்பது சிறிய செய்தி அன்று. அதன் அருமை, பேச்சே தடையாக அமைந்துவிட்டவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கும்போதுதான் விளங்கும்.

அத்தகையோர் எல்லா ஊர்களிலும் உளர். ஆட்டிசம் என்று மருத்துவர் வழங்கும் இயல்போடு பிறந்தவர் அவர். இச்சொல், ‘தான்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. தமிழில் இதனை மதியிறுக்கம் என்று சிலர் எழுதுகின்றனர். அது பொருத்தமான மொழிபெயர்ப்பு எனத் தோன்றவில்லை; இறுகியிருப்பது மதியன்று. நல்ல தமிழ்ச்சொல் ஒன்று வழக்கில் நிலைபெறும்வரை ஆட்டிசம் என்றே வழங்குதல் தவறாகாது.

இஃது ஒட்டிக்கொள்ளும் நோயன்று. தாயின் அன்புக் குறைவால் வருவதும் அன்று. ஒரு காலத்தில் தாயரைப் பழித்த மருத்துவரும் இருந்தனர். அக்கொள்கை பிழையென்று கைவிடப்பட்டுவிட்டது. மூளை வளரும் வகையிலேயே அமைந்த வேறுபாடு இது, பெரிதும் மரபுவழிப்பட்டது, வாழ்நாள் முழுவதும் உடன் இருப்பது. இவ்வியல்பினருள் சிலர் பேசவே மாட்டார். சிலர் பேரறிஞராய் விளங்குவர். பலர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவர். ஒரே ஓசையை அல்லது ஒளியைப் பிறர் தாங்குமளவு தாங்கமாட்டாமை, தமக்கு விருப்பமான ஒரு பொருளில் ஆழ்ந்து திளைத்தல், நாள்முறை மாறினால் கலங்குதல், பிறர் சொல்லாமற் சொல்லும் குறிப்பை உணர்வதில் இடர்ப்படுதல் ஆகியவை இவர்களிடம் பல்வேறு அளவில் காணப்படும்.

ஆட்டிசம் என்றாலே குழந்தைகளைப் பற்றியது என்று பலரும் எண்ணுகின்றனர். குழந்தை வளர்கின்றது என்பதை ஏனோ மறந்துவிடுகின்றனர். பள்ளியில் ஆசிரியர் இருப்பார். வீட்டில் தாய் இருப்பாள். இருபது வயதிற்குப் பின் ஒருவனுக்கு வேண்டியவர் தோழர் அல்லரோ? அத்தோழரை அவன் எங்ஙனம் தேடிக்கொள்வான்?

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் அவ்வியல்புடைய இளைஞன் ஒருவன் இருக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். வலையின் கண் அறுந்தால் அதனைப் பொத்துவதில் அவனுக்கு நிகர் எவரும் இலர். காற்றின் திசையையும் நீரின் ஏற்றவற்றத்தையும் நாள்தவறாமல் நெஞ்சில் குறித்து வைத்திருப்பான். ஆனால், மீன் ஏலம் விடும் இடத்திற்கு அவனை அழைத்துச் சென்றால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு விலகி நிற்பான். அங்கே பலர் ஒரே சமயத்தில் கூவுவர்; அவற்றுள் எந்தக் குரலைக் கேட்பது, எதனை விடுப்பது என்று பிறர் மனம் தானாகவே பிரித்துக்கொள்ளும்; அவன் மனமோ அனைத்தையும் ஒருங்கே ஏற்றுத் திணறும். அவனுக்குச் செருக்கு மிகுதி என்று கூட்டத்தார் கூறுவர்.

தெருவில் எதிர்ப்படும் பெரியவர் ஒருவர், “என்ன தம்பி, ஒரு நாள் வீட்டுப் பக்கம் வா” என்கின்றார். அது வெறும் உபசாரமொழி, அழைத்தவரும் அதனைப் பொருட்படுத்தமாட்டார், கேட்டவரும் பொருட்படுத்தமாட்டார். இவ்விளைஞனோ சொல்லைச் சொல்லாகவே கொள்பவன். மறுநாள் விடியற்காலையிலேயே அவர் வீட்டுத் திண்ணையில் சென்று அமர்கின்றான். வீட்டார் வியப்படைகின்றனர்; ‘ஏன் வந்தாய்?’ என்று வினவுகின்றனர். அழைத்துவிட்டு ஏன் இவ்வாறு வினவுகின்றனர் என்பது அவனுக்கு விளங்குவதில்லை. இவ்வாறு இரண்டு மூன்று முறை நிகழ்ந்த பிறகு, எவர் உண்மையாகவே அழைத்தாலும் அவன் போகமாட்டான். ‘அவனுக்கு மனிதர் என்றாலே பிடிக்காது’ என்று ஊரார் முடிவு கட்டுவர்.

இதுவே இவ்வியல்பினர்மீது சுமத்தப்படும் பெரும்பழி. தனிமையை விரும்புவதும் தனிமையில் தள்ளப்படுவதும் ஒன்றல்ல. கூட்டத்தின் நடுவே நெடுநேரம் இருந்தால் அவர்க்குக் களைப்புத் தோன்றுவது உண்மை. தம்மைப் பிறரைப் போலக் காட்டிக்கொள்ள முயன்று, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, கண்ணை நோக்க வேண்டிய இடத்தில் நோக்கி, ஒவ்வொன்றையும் கணக்கிட்டு நடப்பவர் வீடு திரும்பும்போது, நெடுந்தொலைவு துடுப்பு வலித்தவனைப் போல் ஓய்ந்துவிடுவர். ஆயினும், நட்பின்மேல் அவர்க்கு ஆசை இல்லை என்பது பொய்.

இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கும் வாழ்க்கை ஒன்று உண்டு. அது தமிழகத்தில் நிகழ்ந்ததன்று. அமெரிக்க நாட்டில், மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. ஃபாரஸ்ட் என்பதற்குக் காடு என்பதே பொருள். பழவேற்காட்டின் பெயரிலும் காடு இருப்பது ஒரு பொருத்தமே.

அவ்வூரில் 1933 ஆம் ஆண்டு டொனால்டு டிரிப்லெட் பிறந்தார். ஓர் ஆண்டு நிரம்பிய பருவத்திலேயே பல பாடல்களை இசை வழுவாமல் பாடினார் என்பர். ஆயினும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டார்; தாயைக் கண்டும் மகிழமாட்டார்; உருண்டோடும் பொருள்களைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். நான்கு வயது நிரம்பு முன்னரே அவரை ஒரு காப்பகத்தில் சேர்த்தனர். அங்கே அவர் மேலும் ஒடுங்கிப் போனார். ஏறத்தாழ ஓராண்டிற்குப் பின் பெற்றோர் அவரை வீட்டிற்கு மீட்டுக்கொண்டனர். வழக்கறிஞரான தந்தை, மகனின் இயல்புகளை 33 பக்கங்களில் விரிவாக எழுதி, பால்டிமோர் நகரிலிருந்த லியோ கேனர் என்னும் மருத்துவர்க்கு அனுப்பினார். 1938 இல் கேனர் அச்சிறுவனை நேரில் கண்டார். 1943 இல் அவர் 11 குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையே ஆட்டிசத்தைத் தனியோர் இயல்பாக உலகிற்கு உணர்த்தியது. அக்கட்டுரையில் முதலாவதாக இடம்பெற்ற சிறுவன் டொனால்டு.

மருத்துவ நூல்களில் இவ்வளவே இருக்கும். அவருடைய வாழ்க்கையின் சுவையான பகுதி இதற்குப் பின்னரே தொடங்குகின்றது. சிறு பருவத்தில் அவரைச் சில ஆண்டுகள் ஓர் உழவர் இணையரிடம் தங்கவைத்தனர். 1945 இல் கேனர் அங்கே சென்று பார்த்து வியந்துபோனார். சிறுவனுக்கு எதனையும் அளந்துகொண்டே இருக்கும் பழக்கம் இருந்தது. உழவர் அதனைத் தடுக்கவில்லை. கிணறு ஒன்றைத் தோண்டச் செய்து, அதன் ஆழத்தை அவ்வப்போது அளந்து கூறும்படி பணித்தார். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் திரட்டிவரும் பழக்கமும் இருந்தது. அவற்றைப் புதைப்பதற்கென ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணத் தொடங்கிய போது, எண்ணிக்கொண்டே உழும்படி ஏரையும் குதிரையையும் கையில் கொடுத்தார். உழுத சால்களைக் கேனர் தம் கண்ணால் கண்டு எழுதியுள்ளார். மருத்துவ நூல் எதனையும் கற்றறியாத அவ்வுழவர், சிறுவனின் விருப்பத்தையே ஊரார் வாழ்க்கைக்குள் நுழையும் வாயிலாக மாற்றிக் காட்டினார்.

பின்னர் டொனால்டு ஃபாரஸ்ட் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவரைப் பற்றி ஒரு கதை வழங்கி வந்தது. மாணவர் சிலர், பள்ளிக் கட்டடத்தின் முகப்புச் சுவரில் எத்தனை செங்கற்கள் உள என்று வினவ, அவர் ஒரு முறை ஏறிட்டு நோக்கிய அளவிலேயே தொகையைச் சொல்லிவிட்டாராம். ஊரே இக்கதையைப் பல்லாண்டுகள் வியந்து பேசிற்று. முதுமைப் பருவத்தில் இரு இதழாளர் இது பற்றி அவரிடமே கேட்டனர். தாம் எண்ணவில்லை என்றும், வாயில் வந்த ஒரு தொகையைச் சொன்னதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். ஏன் அவ்வாறு செய்தார்? அந்தப் பையன்கள் தம்மை நன்றாக மதிக்க வேண்டும் என்று விரும்பினாராம்.

மனிதரைப் பொருட்படுத்தாதவர் என்று நூல்கள் எழுதிவைத்த சிறுவனின் நெஞ்சில் இருந்த ஏக்கம் இது. செங்கல் கணக்கினும் இவ்விடையே வியப்பிற்குரியது.

கல்லூரியில் அவர் பிரெஞ்சு மொழி பயின்று 1958 இல் பட்டம் பெற்றார். அங்கே இசைக்கருவியின்றிப் பாடும் சேர்ந்திசைக் குழுவில் ஓர் உறுப்பினராக இருந்தார். குழுவின் தலைவர் சுருதி கூட்டுவதற்கு ஊதுகுழலைத் தேடுவதில்லை. டொனால்டின் குரலிலிருந்தே சுருதியை எடுத்துக்கொள்வார். தோழர் ஒருவர் அவர்க்கு ஆற்றில் நீந்தக் கற்பிக்க முயன்றார். நீச்சல் கைகூடவில்லை, தோழமை கைகூடிற்று.

அதன்பின் அவர் ஊர் திரும்பி, தம் தாய்வழிக் குடும்பத்தார் தொடங்கிய வங்கியில் பணியாற்றினார். 23 ஆம் வயதில் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். 27 ஆம் வயதில் கார் ஓட்டக் கற்றார். பெற்றோர் மறைந்த பின்னரும் அதே வீட்டில் தனியே வாழ்ந்தார். தன்னந்தனியே பயணம் செய்து பல நாடுகளைக் கண்டு வந்தார். உரையாடல் அவர்க்கு என்றுமே எளிதாக வரவில்லை. கேட்ட வினாவிற்கு ஒன்றிரண்டு சொற்களில் விடை கூறிவிட்டுத் திரும்பிச் சென்றுவிடுவார். எனினும், தமக்குப் பிடித்தவர்க்கெல்லாம் ஓர் எண்ணைச் சூட்டி வைத்திருந்தார். பல்லாண்டுகள் கழித்துச் சந்தித்தாலும் அவ்வெண்ணை மறவாமல் கூறுவார். எண் பெற்றவர்கள் அதனைப் பட்டம் பெற்றது போலக் கருதிப் பெருமை கொண்டனர். அலுவலகத்தில் அவர் ரப்பர் வளையத்தை இழுத்து நண்பர்மீது விடுவதுண்டு. அது தங்களிடம் அவர் காட்டும் அன்பு என்று அவர்கள் புரிந்துகொண்டனர். அவருடைய மொழியை ஊர் கற்றுக்கொண்டது.

கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி இங்கே ஒரு செய்தி கூறவேண்டும். நாள்தோறும் அவர் தனியாகவே ஆடுவார். ஆனால், அவ்வூர் ஆட்டக் கழகத்தில் அனைவரும் கலந்துகொள்ளும் ஆட்டம் ஒன்றும் உண்டு. அதில் ஆடுவோரைக் கலந்து நால்வர் நால்வராக அமைப்பர். நால்வரும் ஒருவர்க்கொருவர் துணைநின்று ஆடவேண்டும். யார் யாரோடு சேர்வது என்று ஒருவரையொருவர் தேர்ந்துகொள்ளும் வழக்கம் இருந்திருப்பின், டொனால்டு பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருப்பார். முறையே குழுவை அமைத்தமையால் அவர்க்கு இடம் கிடைத்தது. ஏரிக்கரையின் பாட்டுச் சீட்டும் கடல்கடந்த ஊரின் ஆட்டமுறையும் ஒன்றையொன்று அறியா. ஆயினும், இரண்டும் செய்த வேலை ஒன்றே.

அவரைத் தேடி இதழாளர் ஃபாரஸ்டிற்குச் சென்றபோது, ஊரார் சிலர் அவர்களைத் தனித்தனியே எச்சரித்தனராம். அவருடைய மனம் நோகும்படி எழுதினால் நாங்கள் உங்களைச் சும்மா விடமாட்டோம் என்பது அவ்வெச்சரிக்கையின் கருத்து. அவ்விதழாளரின் கட்டுரை 2010 இல் வெளிவந்தது. டொனால்டு 2023 ஆம் ஆண்டு சூன் திங்களில், 89 ஆம் வயதில் மறைந்தார்.

இக்கதையைக் கேட்டு எல்லாம் ஊரின் நற்குணத்தால் நிகழ்ந்தது என்று முடிவு செய்துவிடலாகாது. டொனால்டின் குடும்பம் செல்வமும் செல்வாக்கும் வாய்ந்தது. வங்கி வேலை அவர்க்காகக் காத்திருந்தது. நாள்தோறும் பிடிக்கும் மீனைக் கொண்டு அடுப்பெரிக்கும் குடும்பத்தின் பிள்ளைக்கு அத்தகைய காப்பு இல்லை. ஆயினும், செல்வத்தால் வேலையை வாங்கலாம். ரப்பர் வளையம் பட்டதும் சிரிக்கின்ற நண்பனை வாங்க இயலாது.

புரிந்துகொள்ளாமை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை அறிஞர் அண்மைக் காலத்தில் வலியுறுத்தி வருகின்றனர். தாமே ஆட்டிச இயல்புடையவரான டேமியன் மில்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர், 2012 இல் இக்கருத்தை விளக்கி எழுதினார். ஆட்டிச இயல்பினர்க்குப் பிறர் மனம் விளங்குவதில்லை என்பர். பிறர்க்கு மட்டும் இவர் மனம் விளங்குகின்றதோ என்பது அவர் எழுப்பிய வினா. தமிழறியாத ஒருவரும் தெலுங்கறியாத ஒருவரும் எதிர்ப்பட்டால், பேச்சு முறிந்ததற்கு ஒருவரை மட்டும் குற்றவாளியாக்குதல் தகுமோ? இரு மொழியும் கலந்து ஒலிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழ்வார்க்கு இவ்வினாவின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இதனைச் சோதித்துப் பார்த்தவரும் உளர். எடின்பரோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 72 பேரை எண்மர் கொண்ட வரிசைகளாக நிறுத்தி, ஒரு கதையை ஒருவர் மற்றவர்க்குக் கூறிக் கடத்தும்படி செய்தனர். 2020 இல் வெளியான அவ்வாய்வில், ஆட்டிச இயல்பினர் மட்டும் இருந்த வரிசை, ஏனையோர் வரிசையைப் போலவே கதையைக் கடத்திற்று. இருவகையினரும் கலந்த வரிசையிலேயே கதை மிகுதியாகச் சிதைந்தது. 2025 இல் இன்னும் பெரிய அளவில் செய்யப்பட்ட ஆய்வில் கலந்த வரிசைகளிலும் அக்குறை காணப்படவில்லை. ஆய்வுகள் இவ்வாறு ஒன்றையொன்று திருத்திச் செல்வது இயற்கையே. ஆட்டிச இயல்பினர்க்குச் செய்தியைக் கொள்ளவும் கொடுக்கவும் தெரியும் என்பதை மட்டும் இரண்டு ஆய்வும் ஒருபடித்தாகக் காட்டுகின்றன.

தமிழ் மரபிற்கு இஃது அயலான கருத்தன்று. நட்பிற்கு ஒருவரை ஒருவர் கண்டு கூடிப் பழகுதல் இன்றியமையாதது அன்று. ஒத்த உணர்வே போதும் என்பது வள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தில் கூறும் கருத்து. அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டினார். சோழன் உறையூரில் இருந்தான். புலவர் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டவர் அல்லர். மைந்தர் பகைத்தமையால் மன்னன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, தன் அருகே பிசிராந்தையார்க்கு ஓர் இடம் ஒழித்து வைக்குமாறு கூறினான். ஒருநாளும் காணாதவர் எங்ஙனம் வருவார் என்று சுற்றியிருந்தோர் ஐயுற்றனர். அவர் வந்தார். வந்து, அவ்விடத்தில் அமர்ந்தார். அவர்கள் என்ன பேசிக்கொண்டனர் என்பதைப் புறநானூறு கூறவில்லை. பேசினரோ இல்லையோ என்று எவரும் கேட்டதுமில்லை. இடம் ஒழித்து வைத்தமையே அங்கே நட்பாயிற்று.

இனி, குப்பத்து இளைஞனிடம் திரும்புவோம். அவனுக்கு இடம் ஒழிப்பது என்றால் என்ன? பெரியவர் “ஒரு நாள் வா” என்று கூறுவதை விடுத்து, “தம்பி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் தோணி அருகே வா, இரண்டு வலை பொத்தவேண்டும், விளக்கு வைக்கும் நேரத்தில் முடித்துவிடலாம்” என்று கூறலாம். நாள், பொழுது, இடம், வேலை, முடியும் நேரம் ஆகிய ஐந்தும் அதில் அடங்கிவிட்டன. அவன் கலங்க வேண்டுவதில்லை. வந்தபின் அவன் எதிரே அமர்ந்து முகத்தை நோக்கிக் கேள்வி கேட்பதினும், பக்கத்தே அமர்ந்து அதே வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது மேல். கண்கள் வலையில் இருக்கும்போது சொல் எளிதாக வரும். வாராவிடினும் குற்றமில்லை. அவன் காற்றைப் பற்றியே பேசத் தொடங்கினால், காற்றைப் பற்றிக் கேட்கலாம். நெய்தல் நிலத்தில் அதனினும் பயனுள்ள பேச்சு அரிது. பேச்சை முடிக்க விரும்பும்போது முகத்தைச் சுளித்துக் குறிப்புக் காட்டாமல், ‘இன்று இவ்வளவு போதும், வரும் வெள்ளிக்கிழமை மீண்டும் பேசுவோம்’ என்று வெளிப்படையாகவே கூறிவிடலாம். இதனால் அவன் வருந்தமாட்டான். குறிப்பாற் கூறிப் பின்னர்ச் சினப்பதே அவனை வருத்தும்.

அவனும் கற்கத்தக்கன சில உண்டு. ‘எனக்கு இரைச்சல் ஆகாது, கரையோரமாக நிற்கின்றேன்’ என்று முன்கூட்டியே கூறுதல் அவற்றுள் ஒன்று. பலரோடு பழக முயன்று களைப்பதினும், தன் விருப்பத்தோடு ஒத்த விருப்பமுடைய ஒருவரோடு பழகுதல் எளிது. தன்னைப் போன்ற இயல்பினரை வேற்றூரில் கண்டறிந்து, எழுத்து வழியாகவே நட்புக் கொள்வோரும் இக்காலத்தில் மிகப் பலர். நேரில் பேசத் தயங்கும் ஒருவர் எழுத்தில் தடையின்றி உரையாடுதல் உண்டு. பிசிராந்தையார்க்குப் பாட்டு இருந்தது. இவர்க்குக் கைப்பேசி இருக்கின்றது.

அரசும் ஓரளவு துணைநிற்கின்றது. 1999 இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிச இயல்பினரின் நலனைக் கருதி இயற்றப்பட்ட சட்டங்களுள் ஒன்று. 2016 இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தான் வகுத்த 21 நிலைகளுள் இதனையும் சேர்த்தது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகின்றது. சான்றிதழும் உதவித்தொகையும் சட்டத்தால் கிடைக்கும். மாலைப்பொழுதில் அருகே அமர ஓர் ஆள் கிடைப்பது கரையிலுள்ளவர் கையில் இருக்கின்றது.

ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் இருளர் குடிப் பெண்கள் இறால் பிடிக்கும் காட்சியை வைகறையில் காணலாம். மார்பளவு நீரில் தவழ்ந்தும் குனிந்தும் செல்வர். பனையோலையால் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி, அகப்படும் இறாலை அதனுள் இடுவர். வாயில் பறி இருப்பதால் எவரும் பேசுவதற்கில்லை. ஆயினும், ஒருத்தி தடவிச் சென்ற இடத்திற்கு அருகிலேயே மற்றொருத்தி தடவிச் செல்வாள். ஒருத்தி பின்தங்கினால் முன்னே சென்றவள் நின்று திரும்பிப் பார்ப்பாள். இவ்வாறு பல நாழிகை கழியும். வெயில் ஏறியதும் கரை சேர்ந்து பறியை இறக்கிய பிறகே பேச்சுத் தொடங்கும். பேசுபவர் பேசிக்கொண்டும், பேசாதவர் கேட்டுக்கொண்டும், ஈரச் சேலையோடு இறாலை நிறுக்கும் இடம் நோக்கி ஒன்றாகவே நடப்பர்.